ஸ்பிரிங் மாற்றினால் உதை குறையுமா?

இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு ஸ்பிரிங். சின்னப் பிளாஸ்டிக் உறையில், என் மேசை மேல் இப்போதும் கிடக்கிறது. கையில் எடுத்தால் எடையே தெரியாது. ஆனால் அது எங்கள் வீட்டில் கிளப்பிய வாக்குவாதம் ரொம்பப் பெரிசு.

அக்கா மகள் பிஸ்டல் சுடுகிறாள். பொழுதுபோக்குக்கு இல்லை, போட்டிக்கு. பூம்புகாரில் கடல் இருக்கு, காவிரி கடலில் சேருகிற முகத்துவாரம் இருக்கு, சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கு, சுடுதளம் இல்லை. பயிற்சிக்கு விடியுமுன் பஸ் ஏறி வேறு ஊருக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறாள். அவள் சுடுவது .22 ஸ்போர்ட் பிஸ்டல். அதை வாங்க அக்கா நகையை அடகு வைத்தது வரைக்கும் இந்தத் தெருவுக்கே தெரியும்.

போன போட்டிக்கு முன்னால், "உதை ஜாஸ்தியா இருக்கு, இதைப் போட்டுப் பாரு" என்று யாரோ சொல்லி, அசல் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு இந்தக் கனமான ஸ்பிரிங்கைப் போட்டார்கள். போட்டியின் வேகச் சுற்றில், மூன்றாவது குண்டுக்குப் பிறகு வெற்றுக்கூடு முழுசாக வெளியே வராமல் வாசலிலேயே மாட்டிக்கொண்டது. நடுவர் பார்த்தார், கோளாறு என்று ஏற்றுக்கொண்டார். அடுத்த தொடரில் மறுபடியும் அதே கதை. இந்த முறை சலுகை கிடைக்கவில்லை. சுடாத குண்டுகளுக்குப் பூஜ்யம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து கேட்டாள்:

"மாமா, ஸ்பிரிங் மட்டும் மாத்துனதுதான் தப்பாம். கூடவே டங்ஸ்டன் ராடும் பஃபரும் சேர்த்து முழு கிட்டா போடணுமாம். வாங்கலாமா, வேணாமா?"

அந்த முழு கிட்டின் விலை அவளுடைய ஆறு மாதத் தோட்டாச் செலவு. கிட்டா, தோட்டாவா என்பதுதான் உண்மையான கேள்வி. நான் இயந்திரவியல் படித்தவன். துப்பாக்கி சுடுகிறவன் இல்லை. ஆனால் ஸ்பிரிங் என்ன செய்யும், என்ன செய்யாது என்று சொல்லத் தெரியும். அதனால் அவளுக்குக் கிடைத்த அறிவுரையை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். இது அந்த அறிவுரை மீதான விமர்சனம். எந்தக் கம்பெனி மீதும் இல்லை.

அறிவுரை என்ன சொல்கிறது?

சுருக்கினால் மூன்று வரி. ஒன்று, கனமான ஸ்பிரிங் போட்டால் பின்னுதைப்பை அது உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு, ஸ்பிரிங்கின் நடுவே ஓடும் கைடு ராடை இரும்புக்குப் பதில் டங்ஸ்டனில் போட்டால் முகவாய் எழும்பாது. மூன்று, பின்பக்கம் ஒரு பஃபர் வளையம் போட்டால் அதிர்ச்சி போய்விடும்.

மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. மிச்சப் பாதியில்தான் பணம் போகிறது.

முதலில் இந்த அறிவுரை எங்கே பிறந்தது என்று பார்க்கணும். பெரும்பாலும் அமெரிக்காவில், 9 மி.மீ தோட்டா போடும் சின்ன பிஸ்டல்களுக்காக எழுதப்பட்டது. அங்கே இடுப்பில் வைத்துக்கொள்ளும் கையடக்கத் துப்பாக்கியை அப்படியே எடுத்துப் போய் வேகப் போட்டிகளில் சுடுகிறார்கள். இந்தியாவில் 9 மி.மீ தடைசெய்யப்பட்ட விட்டம். சாதாரண உரிமத்தில் கிடைக்காது. நம் பிள்ளைகள் போட்டியில் கையில் பிடிப்பது பெரும்பாலும் மூன்றே வகை: 10 மீட்டருக்கு .177 ஏர் பிஸ்டல், 25 மீட்டருக்கு .22, சென்டர் ஃபயர் போட்டிக்கு .32.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிசு என்று ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். உதையின் அளவு என்பது வெளியே போகும் குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. வெடிவாயுவின் பங்கை விட்டுவிட்டு, முழு எண்களாகச் சொல்கிறேன். ஏர் பிஸ்டலின் பெல்லட் அரை கிராம், நொடிக்கு 150 மீட்டர்: பெருக்கினால் 0.075. .22 குண்டு 2.6 கிராம், பிஸ்டல் பீப்பாயில் சுமார் 270 மீட்டர்: 0.7. .32 வாட்கட்டர் 6.4 கிராம், சுமார் 230 மீட்டர்: 1.5. 9 மி.மீ குண்டு 8 கிராம், சுமார் 340 மீட்டர்: 2.7.

அதாவது 9 மி.மீ-இன் உதை .22-ஐப் போல நாலு மடங்கு. இன்னொன்றும் இருக்கு. சின்ன 9 மி.மீ பிஸ்டல் 700 கிராம் என்று வைத்தால் அது நொடிக்கு 3.9 மீட்டர் வேகத்தில் கையைத் தள்ளும். 1.1 கிலோ எடையுள்ள .22 போட்டிப் பிஸ்டல் தள்ளுவது 0.64 மீட்டர் வேகத்தில். ஆறு மடங்கு வித்தியாசம். அங்கே பிரச்சினை, உதை கையை மீறிப் போவது. இங்கே பிரச்சினையே வேறு. அங்கே எழுதிய மருந்துச் சீட்டை இங்கே கொண்டுவந்து மருந்து வாங்கினோம், அவ்வளவுதான்.

ஸ்பிரிங் உறிஞ்சுமா?

உறிஞ்சாது. வாங்கி வைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கும். முழு அறிவுரையும் தடுமாறும் இடம் இதுதான்.

.22 பிஸ்டலில் தோட்டா வெடித்ததும் வெற்றுக்கூடு போல்ட்டைப் பின்னால் தள்ளுகிறது. போல்ட் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு ஓடி, பின்சுவரில் முட்டி நிற்கிறது. பிறகு ஸ்பிரிங் அதை முன்னால் தள்ள, மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்துக்கொண்டு போய் முன்பக்கம் மோதி மூடுகிறது. ஆக ஒரு குண்டுக்கு அடி இரண்டு: பின்னடி, முன்னடி. பின்னடி முகவாயை மேலே தூக்கும், முன்னடி கீழே தள்ளும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். போல்ட் 200 கிராம், ஓட்டம் 40 மி.மீ என்று வைத்துக்கொள்ளுங்கள். உராய்வை விட்டுவிடலாம். போல்ட் கிளம்பும் வேகம் 0.7-ஐ 0.2-ஆல் வகுத்தால் நொடிக்கு 3.5 மீட்டர். அதில் உள்ள ஆற்றல் சுமார் 1.2 ஜூல்.

சராசரி 15 நியூட்டன் விசையுள்ள ஸ்பிரிங் இதில் 0.6 ஜூலை வாங்கிக்கொள்ளும். போல்ட் பின்சுவரில் மோதும் வேகம் 2.5 மீட்டர். அந்த 0.6 ஜூலை ஸ்பிரிங் திருப்பிக் கொடுக்கும்போது முன்னடி வேகம் 2.4 மீட்டர். இரண்டும் கிட்டத்தட்ட சமம்.

ஸ்பிரிங்கை 22 நியூட்டனுக்கு மாற்றினால்? பின்னடி 1.9 மீட்டராகக் குறைகிறது. சந்தோஷம். ஆனால் முன்னடி 3 மீட்டராக ஏறிவிடுகிறது. 10 நியூட்டனுக்கு இறக்கினால் பின்னடி 2.9, முன்னடி 2.

பார்த்தீங்களா? எதுவும் காணாமல் போகவில்லை. பின்னால் குறைத்தது முன்னால் வந்து நிற்கிறது. கையைத் தள்ளும் மொத்த அளவு அந்த 0.7 அப்படியேதான் இருக்கு. ஸ்பிரிங் மாற்றுவது அது எந்த நேரத்தில், எந்தப் பக்கமாக, எத்தனை துண்டாகக் கைக்கு வருகிறது என்பதை மட்டும். கனமான ஸ்பிரிங் போட்டதும் "ஆகா, மெத்துன்னு இருக்கு" என்று கை சொல்வது பொய்யில்லை. பின்னடி நிஜமாகவே குறைந்திருக்கு. ஆனால் முகவாய் திரும்பி வரும்போது இலக்கைத் தாண்டிக் கீழே குனிகிறதே, அதைக் கை சொல்லாது. சைட்டைப் பார்க்கிற கண்தான் சொல்லணும்.

மாட்டிக்கொண்ட வெற்றுக்கூட்டுக்கும் இங்கேயே பதில் இருக்கு. போட்டியில் சுடும் .22 தோட்டாக்கள் வேகம் குறைவான வகை. கனமான ஸ்பிரிங் போல்ட்டின் ஆற்றலை அதிகமாக வாங்கிக்கொள்ளும்போது, கொஞ்சம் அழுக்கு, கொஞ்சம் எண்ணெய்க் குறைவு, கொஞ்சம் தளர்ந்த பிடி, இதில் எது சேர்ந்தாலும் போல்ட் முழு ஓட்டம் ஓடாது. கூடு பாதியில் சிக்கும். தோட்டா, போல்ட் எடை, ஸ்பிரிங் மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தித்தான் தயாரித்தவர்கள் கொடுக்கிறார்கள். ஒன்றை மட்டும் தூக்கி மாற்றினால் மற்ற இரண்டும் அந்நியமாகிவிடும்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் யோசிப்பதே இல்லை. குண்டு பீப்பாயை விட்டு வெளியேற ஆகும் நேரம் சுமார் ஆயிரத்தில் ஒரு நொடி. அதற்குள் போல்ட் நகர்ந்திருப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அதாவது ஸ்பிரிங் தன் வேலையை ஆரம்பிக்கும்போது குண்டு போய்விட்டது. முதல் குண்டு எங்கே விழும் என்பதில் ஸ்பிரிங்குக்குப் பங்கு ஏறக்குறைய கிடையாது.

டயரும் பஃபரும்

பஃபரைப் பற்றிய தெளிவு எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை, எங்க ஊர் மீன்பிடித் துறைமுகத்தில் கிடைத்தது. படகு கட்டும் சுவரில் பழைய டயர் தொங்கவிட்டிருப்பார்கள். அலைக்குப் படகு வந்து முட்டும், டயர் அமுங்கும், படகு மெதுவாகத் திரும்பும். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக்குக் கேட்டேன், டயரைக் கட்டினால் அலையின் வேகம் குறையுமா என்று. சிரித்தார். "டயரு அலையை நிறுத்துமா தம்பி? போட்டு உடையாம இருக்கும். அம்புட்டுதான்."

பஃபர் வளையத்தின் வேலையும் அம்புட்டுதான். இரும்பு இரும்பில் மோதுவதைத் தடுத்து, மோதும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டும். ஸ்பிரிங் போல இல்லாமல், இது கொஞ்சம் ஆற்றலை நிஜமாகவே வெப்பமாக மாற்றிவிடும். சட்டகம் அடிபடாது; கைக்கு வரும் அந்தச் சுருக்கென்ற அடி மழுங்கும். நல்ல பொருள், விலையும் குறைவு. பல போட்டிப் பிஸ்டல்களில் இது ஏற்கெனவே உள்ளேயே இருக்கு. ஆனால் தடிமன் கூடினால் போல்ட்டின் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் மறுபடி கூடு சிக்கும். தேய்ந்து உதிரும் துணுக்கு உள்ளே போய் அடைக்கவும் செய்யும். டயரைப் போலவே இதையும் அவ்வப்போது பார்த்து மாற்றணும். அக்கா மகளின் பிஸ்டலைத் திறந்து பார்த்தபோது அசல் பஃபர் ஒரு பக்கம் பிய்ந்து போயிருந்தது. "உதை ஜாஸ்தியா இருக்கு" என்று அவள் கை சொன்னது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஸ்பிரிங் ஒரு தப்பும் பண்ணவில்லை.

பெட்டியும் தராசும்

டங்ஸ்டனுக்கு வருவோம். இரும்பைப் போல சுமார் இரண்டரை மடங்கு அடர்த்தி. அதே அளவு ராடில் அதிக எடை ஏற்றலாம். எடை முன்பக்கம் சேர்ந்தால் முகவாய் எழும்புவது குறையும், இதுவும் உண்மைதான். எவ்வளவு குறையும்? 1.1 கிலோ பிஸ்டலில் 50 கிராம் சேர்த்தால் பின்னுதைப்பு வேகம் 0.64-இலிருந்து 0.61. நீட்டிய ஒற்றைக் கையில் அறுபது குண்டு சுடுகிறவளுக்கு, அந்த 50 கிராம் ஐம்பதாவது குண்டில் என்ன செய்யும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கணும்.

விதியும் குறுக்கே வரும். உலகச் சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி 25 மீட்டர் பிஸ்டல் 300 × 150 × 50 மி.மீ பெட்டிக்குள் அடங்கணும், எடை 1,400 கிராமைத் தாண்டக் கூடாது, ட்ரிகர் குறைந்தது 1,000 கிராம் தாங்கணும். பீப்பாயில் துளை போட்டு வாயுவை மேலே விட்டு முகவாயை அமுக்கும் காம்பன்சேட்டர் கூடாது. ஏர் பிஸ்டலில் துளையிட்ட பீப்பாய்க்கு அனுமதி உண்டு. 25 மீட்டரில் கிடையாது. கிட் விற்பவர்களின் பட்டியலில் பாதிப் பொருள் இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகும்.

அந்தப் பெட்டி அளவுதான் நம் பிஸ்டலையும் கையடக்கமாக வைத்திருக்கிறது. இடம் குறைந்தால் ஸ்பிரிங்குக்கும் நீளம் குறையும். நீளம் குறைந்த ஸ்பிரிங் ஒவ்வொரு குண்டுக்கும் தன் நீளத்தில் பெரும்பங்கை அமுக்கிக் கொடுக்கணும். அதனால் சீக்கிரம் தளரும். உருண்டைக் கம்பிக்குப் பதிலாகத் தட்டைக் கம்பியில் சுற்றிய ஸ்பிரிங் இதற்கு நல்ல தீர்வு. சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டுமுன் இன்னும் கொஞ்சம் அமுங்க இடம் தரும். ஆக, சின்னத் துப்பாக்கிக்கு ஸ்பிரிங் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு கனம்?" இல்லை. "எத்தனை ஆயிரம் குண்டுக்கு ஒரு தடவை மாத்தணும்?" என்பதுதான். தளர்ந்த அசலுக்குப் பதிலாக அதே விசையுள்ள புது அசல். பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படும் 'மேம்பாடு' இவ்வளவே.

எந்தப் போட்டிக்கு?

இந்த அறிவுரையில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது, "நீ என்ன போட்டி சுடுறே?" என்று ஒரு இடத்தில்கூடக் கேட்காததுதான்.

ஆண்களுக்கான 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் எட்டு, ஆறு, நாலு நொடிகளில் ஐந்து குண்டு, ஐந்து இலக்கு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வாங்கியது இதில். நாலு நொடித் தொடரில் கையைத் தூக்கி முதல் குண்டு சுடவே ஒரு நொடிக்கு மேல் போய்விடும். மிச்ச நாலு குண்டுக்கும் இடைவெளி முக்கால் நொடிக்கும் கீழே. அங்கே முகவாய் எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறது என்பதற்கு விலை உண்டு. ஸ்பிரிங்கை, எடையை நுணுக்கி நுணுக்கிப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டலில் வேகச் சுற்று வேறு மாதிரி. இலக்கு மூன்று நொடி தெரியும், ஏழு நொடி மறையும். ஒவ்வொரு முறையும் ஒரே குண்டு. சுட்டதும் கையை இறக்கிவிடணும். முகவாய் எங்கே எழும்பினாலும் அடுத்த குண்டுக்கு முன் ஏழு நொடி அவகாசம். இங்கே உதை வேகமாக அடங்குவதால் ஒரு புள்ளிகூடக் கூடாது. கூடு சிக்கினால் மட்டும் புள்ளி போகும். அக்கா மகள் சுடுவது இந்தப் போட்டி. அவளுக்குத் தேவையே இல்லாத வேகத்தை வாங்க, அவளுக்கு மிகவும் தேவையான நம்பகத்தை விற்றிருக்கிறோம்.

நம்பகம் போனால் என்ன ஆகும் என்பதற்கு நாடே பார்த்த உதாரணம் உண்டு. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி நின்றது. சரிசெய்யப் போன நேரம் போனதுதான். இறுதிச் சுற்றுக்கு அவர் தேறவில்லை. அதே மனு பாக்கர் 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார். திறமை அன்றும் இருந்தது, மறுக்க முடியாது. அன்று அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

பீரங்கி சொல்லும் பாடம்

எங்க ஊரிலிருந்து கடற்கரையோடு தெற்கே போனால் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை. அங்கே பழைய பீரங்கிகளைப் பார்க்கும்போதெல்லாம் யோசிப்பேன், அந்தக் காலத்தில் உதையை என்ன செய்தார்கள் என்று. ஒன்றும் செய்யவில்லை. சக்கர வண்டியில் பீரங்கியை வைத்தார்கள். சுட்டதும் அது பின்னால் உருண்டு ஓடும். கப்பலில் என்றால் தடித்த கயிறு கட்டி ஓட்டத்தை நிறுத்துவார்கள். பிறகு ஆட்கள் சேர்ந்து தள்ளிக் கொண்டுவந்து, மறுபடி குறி பார்க்கணும். ஒவ்வொரு குண்டும் முதல் குண்டு மாதிரிதான்.

இது மாறியது 1897-இல், பிரெஞ்சு ராணுவம் ஏற்றுக்கொண்ட 75 மி.மீ பீரங்கியில். எண்ணெயும் அழுத்திய காற்றும் நிரப்பிய உருளைகள் பீப்பாயைத் தாங்கின. சுட்டதும் பீப்பாய் மட்டும் ஒரு மீட்டருக்கும் மேல் பின்னால் வழுக்கிப் போகும், பிறகு புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். வண்டி அசையாது. மறுபடி குறி பார்க்க வேண்டியதில்லை. பீரங்கி வரலாற்றையே மாற்றியது என்று இதைச் சொல்கிறார்கள். கவனியுங்கள், அதில் உதை குறையவில்லை. உதை வாங்கிய பீப்பாய் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. சாதனை அதுதான்.

பிஸ்டலுக்கும் இதே அளவுகோலை வைத்தால் அறிவுரை முழுசும் தலைகீழாகிவிடும். "எவ்வளவு மெத்துன்னு இருக்கு?" என்பதை விட்டுவிட்டு, "ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்கு வருதா?" என்று கேட்கணும். முகவாய் இரண்டு அங்குலம் எழும்பினாலும் அதே வழியில் போய் அதே இடத்துக்கு வந்தால் கை அதைப் பழகிக்கொள்ளும். ஒரு அங்குலம்தான் எழும்புகிறது, ஆனால் ஒருமுறை இடது பக்கம், ஒருமுறை கீழே என்றால், அதை எந்தக் கையாலும் பழக முடியாது.

எழும்புவதற்கான மூலக் காரணம் வேறு இடத்தில் இருக்கு: பீப்பாய் கைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதில். இதைப் புரிந்துகொண்டு 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் சோவியத் அணி பிஸ்டலையே தலைகீழாகப் போட்ட மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. பீப்பாய் கைக்கு நேராகத் தாழ்ந்து உட்கார்ந்திருக்கும். பிறகு விதியை மாற்றி அதைத் தடுத்துவிட்டார்கள். இன்றைய போட்டிப் பிஸ்டல்கள் விதி விடும் அளவுக்குப் பீப்பாயைத் தாழ்த்தித்தான் வைத்திருக்கின்றன. அந்த வடிவமைப்பு செய்து முடித்த வேலையை நாம் ஒரு ஸ்பிரிங்கால் மிஞ்ச முடியும் என்று நினைப்பது கொஞ்சம் பேராசைதான்.

நாங்கள் செய்தது

உரிமமுள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அசல் விசையுள்ள புது ஸ்பிரிங்கும் புது பஃபரும் போட்டோம். இதை அழுத்திச் சொல்கிறேன்: 1959 ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கி பழுதுபார்ப்பதற்கே உரிமம் தேவை. வீட்டு மேசையில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்காரும் வேலை இது கிடையாது.

அடுத்த பயிற்சியில் நானும் கூடப் போனேன். பக்கவாட்டில், பாதுகாப்புக் கோட்டுக்குப் பின்னால், என் செல்போனை நொடிக்கு 240 படம் எடுக்கும்படி வைத்தேன். குண்டு போவதை அது பிடிக்காது. முகவாய் எழும்பித் திரும்புவதைப் பிடிக்கும். அதற்கு முன்னால் கனமான ஸ்பிரிங்கோடு இருபது குண்டு, இப்போது அசலோடு இருபது குண்டு. கனமானதில் எழும்புவது கொஞ்சம் குறைவுதான். ஆனால் திரும்பும்போது குறியைத் தாண்டிக் கீழே குனிந்து, பிறகு அவள் கை தூக்கிவிடுகிறது. அந்தத் தூக்கல் ஒவ்வொரு குண்டுக்கும் வேறு வேறு. அசலில் எழும்புவது சற்று அதிகம். திரும்பி வந்து நிற்பது கிட்டத்தட்ட ஒரே இடம். ஒருத்தி, ஒரு துப்பாக்கி, இருபது இருபது தோட்டா. இதை ஆய்வு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் கிட்டைப் பரிந்துரைத்தவர்கள் இந்த அளவுக்குக்கூடப் பார்க்கவில்லை.

படத்தில் இன்னொன்றும் தெரிந்தது. உதையின்போது மரப் பிடிக்கும் அவள் உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம். பிடி அவள் கைக்குப் பெரிசு. துப்பாக்கி ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளிக்குள் லேசாக வழுக்குகிறது. மரத்தூள் பேஸ்ட் வைத்து, காயவைத்து, தேய்த்து, மூன்று வாரம் பிடியைச் சரி செய்தாள். அதற்கு ஆன செலவு ஒரு வேளை மீன் குழம்புக்கு ஆகிற காசு.

கிட் அறிவுரையில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடணும். துப்பாக்கியைக் கைக்கு ஏற்ப மாற்றலாம், அது தொடக்கூடாத பொருள் இல்லை என்று அது பழக்கப்படுத்துகிறது. ரேபிட் ஃபயர் சுடுகிற, வருடத்துக்குப் பல ஆயிரம் தோட்டா செலவழிக்கிற, ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைக்கிற ஒருவருக்கு ஸ்பிரிங்கை ஒரு படி ஏற்றி இறக்கிப் பார்ப்பதில் பலன் இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றணும். போட்டிக்கு முன்வாரம் எதையும் மாற்றக் கூடாது. தளர்ந்த பிடியில் சுட்டாலும் கூடு வெளியே வருகிறதா என்று பார்க்கணும். இந்த மூன்றையும் யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தப் பூஜ்யங்கள் வந்திருக்காது.

கிட் வாங்கவில்லை. தோட்டா வாங்கினோம். அக்காவுக்கு இதில் எந்தக் கணக்கும் புரியவில்லை, புரியணும் என்று அவள் நினைக்கவும் இல்லை. "அப்ப அந்த ஸ்பிரிங்கைத் திருப்பிக் குடுத்தா காசு தருவானா?" என்று மட்டும் கேட்டாள். தரமாட்டான். அதனால்தான் என் மேசை மேல் கிடக்கிறது.